அதே முப்பது கேள்விகள்

“மூணே வாரத்துல ஒரு பொண்ணு இப்படியா தலைகீழா மாறுவா?” என்று இரண்டு தாள்களையும் மேசையில் வீசினார் பேராசிரியர்.

குழந்தைகள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அளக்க அவர் உருவாக்கிய முப்பது கேள்விகள். சொந்தப் பிள்ளைகளைப் போல அவற்றின் மேல் தூசி பட்டாலும் பொறுக்க மாட்டார். இரண்டு முறை கேட்டும் ஒரே பதில் வந்தால் கேள்வித்தாள் நம்பகமானது. நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியோ, ‘எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள்’, ‘நான் நல்லவள்’ என்பவற்றுக்கு முதலில் ‘ஆம்’ என்றும், இப்போது ‘இல்லை’ என்றும் எழுதியிருந்தாள்.

“மனசுல ஏதோ கோளாறு. கவுன்சலிங் படிவத்துல அவ பேரை எழுதும்மா.”

“அவளையே ஒரு வார்த்தை கேட்டுடறேன் சார்,” என்றாள் ஆராய்ச்சி மாணவி.

“குழந்தைகிட்ட பேசினா ஆராய்ச்சியே கெட்டுடும்!”

“கெட்டா கெடட்டும் சார். கேக்காம எழுத மாட்டேன்.”

படிவத்தோடு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

“ஏன்டா கண்ணு, உனக்கு நண்பர்களே இல்லையா?”

“நெறைய பேர் இருக்காங்களே மிஸ்!”

“அப்புறம் ஏன் இல்லைன்னு போட்டே?”

“மொதல்ல இருக்காங்கன்னுதான் போட்டேன். மறுபடியும் அதே பரீட்சைய வெச்சீங்க. ஃபெயிலானாத்தானே மறுபடி வைப்பாங்க? அதான் எல்லாத்தையும் மாத்திட்டேன்.”

மாணவி படிவத்தை நாலாகக் கிழித்தாள்.

சிறுமியின் கண்கள் கலங்கின. “இந்தத் தடவையும் ஃபெயிலா, மிஸ்?”