ரீச்சர் கதவு பூட்டும் விதம்

வெள்ளவத்தையில், எங்கள் தொடர்மாடியின் எதிர் வீட்டில், ஓய்வுபெற்ற ஆசிரியை இந்திராணி ரீச்சர் தனியாக இருக்கிறார். வேலைக்குக்கூட ஆளில்லை, இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். காலையில் கோயிலுக்குப் புறப்பட்டால் லிப்ட் வரை போய், காஸ் அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்கத் திரும்பி வருவார். நான் வேவு பார்ப்பதில்லை. தேநீரை வாசலில் நின்று குடிக்கிற பழக்கம், அவ்வளவுதான்.

போன மாதம் பால்சட்டி கருகி மாடி முழுக்கப் புகை. இன்னொரு தடவை மறந்தால் முதியோர் இல்லம்தான் என்று கனடாவிலிருக்கும் மகன் சொல்லிவிட்டான். செய்ததை வாய்விட்டுச் சொன்னால் மனதில் நிற்கும் என்றாராம் டொக்டர். அன்றிலிருந்து தினமும் மாடி முழுவதற்கும் அறிவிப்பு: "காஸ் நிப்பாட்டியாச்சு, கதவு பூட்டியாச்சு!"

"நேரத்தையும் சொல்லுங்கோ ரீச்சர், றேடியோவை வித்துப்போடலாம்" என்பேன்.

"உனக்கும் வயசு வரட்டும் பிள்ளை" என்பார்.

இன்று பூட்டியவர் பேசாமலே நடந்தார். லிப்டுக்கு முன்னால் திகைத்து நின்றார்.

"பிள்ளை, நான் இண்டைக்குச் சொன்னனானே?"

நான் வாய் திறக்குமுன், பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து ரீச்சரின் குரல் கேட்டது. "காஸ் நிப்பாட்டியாச்சு, கதவு பூட்டியாச்சு!" தொடர்ந்து உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம்.

ரீச்சர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு, மகனுக்குக் கேட்டுவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"அப்ப நான் இன்னும் வீட்டை விட்டு வெளிக்கிடேல்லையோ?"