ஓரத்து வரிசை

"இந்த விதை வேலியைத் தாண்டக் கூடாது மேடம். தாண்டணும்னா என்னை மிதிச்சிட்டுத்தான் போகணும்!"

வரப்பின் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான் அந்த இளம் ஆராய்ச்சியாளன். பண்ணையில் அவனுக்கு 'எதிர்க்கட்சி' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை என்று குழுத் தலைவிக்குத் தோன்றியது.

புது விதைகளுக்கு அனுமதி கொடுக்கும் குழு அது. தலைவி சட்டம் படித்தவர். பயிர் விவகாரமெல்லாம் விவசாயம் பார்க்கும் தம்பி சொல்லித்தான் தெரியும். எதிரே, துரு நோயைத் தாங்குமென்று சொல்லப்பட்ட புதுக் கோதுமை பச்சைப் பசேலென்று நின்றது. பார்க்கப் பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது.

"பொறாமை மேடம், வேறென்ன?" என்று சிரித்தார் பண்ணை இயக்குநர். "ரகத்துக்கு இவன் பேரை வைக்கலைன்னு வயித்தெரிச்சல். இத்தனைக்கும், சோதனைக்காக நோயைக் கொண்டாந்து வயல் முழுக்கத் தூவினதே இவன்தான். ஒரு இலையிலயாவது புள்ளி இருக்கா பாருங்க!"

"நடுவுல மருந்து எதுவும் அடிக்கலையே?"

"ஐயய்யோ, ஒரு சொட்டு கிடையாது! அடிச்சா அப்புறம் அது சோதனையா?"

தலைவிக்கு மனம் குளிர்ந்தது. "போன போகம் என் தம்பி பழைய ரகத்தை விதைச்சு, துரு விழுந்து, மொத்த வயலையும் கொளுத்தினான். இன்னொரு அடியை அவன் தாங்க மாட்டான். இந்த விதை வரும்னுதான் காத்துக்கிட்டிருக்கான்."

"அதனாலதான் வேணாங்கிறேன்" என்றான் எதிர்க்கட்சி.

இயக்குநரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்காது, தெரியும்ல?"

"போகட்டும் சார். வேற வேலை தேடிக்குவேன். இதை விதைச்சு ஒரு வருஷத்தைத் தொலைச்சவங்க வேற வருஷத்துக்கு எங்க போவாங்க?"

தலைவிக்கு எரிச்சல் வந்தது. "காரணம் இருந்தா சொல்லுங்க. இல்லைன்னா வழியை விடுங்க."

"நான் வாயால சொன்னா பொறாமைம்பாரு. நீங்களே ஒரு இலை பறிச்சுப் பாருங்க மேடம். அதோ, ஓரத்துல சிவப்பு நாடா கட்டியிருக்கே, அந்த வரிசையில."

"தாராளமா பறிங்க!" என்று முந்திக்கொண்டார் இயக்குநர். கோப்புகளோடு குடும்பம் நடத்துகிறவர். வயலில் கால் வைப்பதே அபூர்வம். "ஓரமா இருந்தா என்ன, நடுவா இருந்தா என்ன? எல்லாம் ஒரே மாதிரிதான்!"

தலைவி குனிந்து ஒரு இலையைக் கிள்ளினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார், கட்டைவிரலால் தேய்த்தும் பார்த்தார். விரலில் துருப்பொடி எதுவும் ஒட்டவில்லை.

"தங்கமான ரகம்!" அவர் அந்த இலையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "இந்த இலையை என் தம்பிகிட்ட கொண்டுபோய்க் காட்டப் போறேன்."

"காட்டுங்க மேடம், அவருக்குப் பார்த்ததும் அடையாளம் தெரியும்." எதிர்க்கட்சி முதல் தடவையாகக் கைகளைக் கீழே இறக்கினான். "மருந்து அடிக்காம விட்டா முதல்ல சாகணும்னு நான் நட்ட வரிசை அது."

இயக்குநரின் முகம் வெளுத்தது.

"உங்க தம்பி கொளுத்தினாரே, அதே பழைய ரகம்!"