இடப்பக்கக் கால்

அண்ணனின் கார் கவிழ்ந்ததிலிருந்து கோமளவல்லி எந்தக் காரிலும் ஏறவில்லை. அவளுக்காகக் கணவர் தணிகாசலம் ஒரு ரகசிய ஏற்பாடு செய்தார்: இடப்பக்க சீட்டில் அவள் பயந்து காலை ஊன்றினால், வண்டி தானே பிரேக் போடும். பயந்த நொடியே வண்டி நிற்பதைக் கண்டு, அவர்தான் நிறுத்துகிறார் என்று நம்பி, அவள் மறுபடி ஏறத் தொடங்கினாள்.

வருடாந்திரப் பரிசோதனையில் குட்டு உடைந்தது.

"பிரேக் கட்டை தேய்ஞ்சு, முன்பக்க ஷாக் அப்சார்பரும் போச்சு சார். மாத்திட்டேன்," என்றாள் மெக்கானிக் ரெஜினா. "எல்லாம் அம்மா கால் வேலை. அந்த இணைப்பைக் கழட்டிடவா?"

"ஐயோ, வேணாம்மா! தெரிஞ்சா வெக்கப்பட்டு வீட்டோட உக்காந்துடுவா. அரசு ரிப்போர்ட்ல என் காலுன்னே எழுது."

வாசல் பலகையில் 'ஓட்டுநர் திலகம்' என்று பொறித்துக்கொண்டவரின் கார் கண்ணாடியில் அரசு ஸ்டிக்கர் ஏறியது: 'பதற்ற ஓட்டுநர், மூன்றாம் தரம்'.

கோமளவல்லி வாய்விட்டுப் படித்தாள்.

"நீங்கதான் பதற்றக்காரர்னு முப்பது வருசமா நான் சொன்னேனே, கேட்டீங்களா?" என்று சிரித்தபடி ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "பயப்படாம ஓட்டுங்க. பக்கத்துல நான் இருக்கேன்ல."