குழாய் தாங்கும் குடும்பம்

இன்றைய நிலவரப்படி மனிதன் கிலோ நாற்பது காசு, நாள் வாடகை. எடைக்குக் கட்டும் மணல் அதைவிட விலை. குழாயைத் தாங்கும் ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் ஆலையின் நீராவிக் குழாய்களை இப்போது குடும்பங்கள் தாங்குகின்றன. கப்பியில் ஓடும் கம்பியின் ஒரு முனையில் குழாய், மறுமுனையில் தொங்கும் பலகை வீடு.

நாச்சிமுத்து விடிகாலையில் பலகையிலேயே இறந்துபோனார். மனைவி கனகவல்லி கீழே நின்ற சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

"இவரை இறக்கிக் கொண்டுபோகோணுங்க."

"தாராளமாக் கொண்டுபோங்க அக்கா. அண்ணனோட அம்பத்தெட்டுக் கிலோவுக்குக் குறையாம ஒரு ஆள் ஏறட்டும். கிடைக்கலைன்னா அண்ணன் அப்படியே இருக்கட்டும். குழாய்க்கென்ன தெரியப்போகுது? கூலியும் நிக்காது."

"வெயில் ஏறுதுங்களே."

துக்கம் கேட்க வந்தவர்களை ஆலை வாசலிலேயே எடைபோட்டார்கள். கனகவல்லியின் தம்பி அறுபத்தொன்று. மற்றவர்கள் அதற்கும் மேல். உடலை இறக்கிய கையோடு அவன் ஏறி உட்கார்ந்தான்.

"மூணு கிலோ கூடுதுங்க அக்கா. குழாய் மேலே போகுது," என்றார் சூப்பர்வைசர், கம்பியில் மாட்டிய எடைமானியின் முள்ளைப் பார்த்து.

கனகவல்லி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அழுகை வரவில்லை. ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். நாச்சிமுத்துவின் வேட்டி சட்டைகள் இரண்டு கிலோ, செருப்பு முக்கால், கைப்பேசியும் கண்ணாடியும் கால்.

முள் நடுவில் நின்றது. கணக்கு நேர்.