கிண்ணத்தில் நான்கு தட்டு

அதிகாரி எங்கள் அடுப்பின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பால் கிண்ணத்தைக் கத்திப்பிடியால் தட்டினான்.

பாம்பு வரவில்லை.

நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் மட்டும் "வராதே, வராதே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரசர் புது மதத்துக்கு மாறிவிட்டார். அவர் மாறினால் லித்துவேனியா முழுக்க மாறியாக வேண்டும். போன மாதம் ஞானஸ்நானம் என்று எங்கள் ஊரையே ஆற்றில் இறக்கினார்கள். ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே பெயர், பேத்ராஸ். பெண்கள் எல்லோரும் கத்ரே. ஆளுக்கொரு பெயர் யோசிக்கப் பாதிரியாருக்கு நேரமில்லையாம்; ஊருக்கு ஒன்றுதான்.

கரையேறியவர்களுக்கு ஒரு வெள்ளைச் சட்டை இலவசம். பக்கத்து வீட்டுக்காரன் மூன்று ஊர்க் கூட்டத்தில் நுழைந்து மூன்று முறை முங்கினான். இப்போது அவனுக்கு மூன்று சட்டை, மூன்று பெயர்.

நான் போயிருக்கவே மாட்டேன். என் கணவன் எய்மாந்தாஸ்தான் கெஞ்சினான்.

"ஒரு முங்கு முங்கிட்டு வந்துடுடி. அப்புறம் நம்ம வீட்டுப் பக்கம் எவனும் எட்டிப் பாக்க மாட்டான். உன் பாம்புக்கு நான் பொறுப்பு."

நம்பினேன். ரிம்கைலே என்ற என் பெயரை அந்தக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுவிட்டு வந்தேன்.

இந்த வீட்டுக்கு வாழ வந்து இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள் நான். தலையோரம் மஞ்சள் பொட்டு வைத்த இந்தப் பாம்பு அடுப்படியில் குடியேறிய பிறகுதான் மூன்றாவதாகப் பிறந்த இவள் தங்கினாள். அது யாரையும் கடித்ததில்லை. வீட்டுப் பாம்பைக் கொன்றால் அந்த வருடமே வீட்டில் ஒரு பிள்ளை போகும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பாதிரியார் அதைப் பேய் என்கிறார். எந்தப் பேய் பாலைக் குடித்துவிட்டுத் தொட்டிலுக்கடியில் சுருண்டு தூங்கும்?

நேற்று புது உத்தரவு வந்தது. வீட்டுக்காரனே தன் கையால் பாம்பைக் கொல்ல வேண்டும். முதலில் கொல்கிறவனுக்கு ஆற்றோரப் புல்வெளி சொந்தம்.

எங்கள் ஊரில் ஒருவரும் அசையவில்லை. காலையிலிருந்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கும் அதிகாரிக்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். பாம்பா? அது போன வாரமே போய்விட்டதே ஐயா.

நானும் அதையேதான் சொன்னேன்.

அதிகாரி இன்னும் இரண்டு முறை தட்டிப் பார்த்தான். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"இங்கயும் போயிடுச்சா? இந்த ஊர்ப் பாம்பெல்லாம் சேர்ந்து எந்தத் திருவிழாவுக்குத்தான் போச்சோ!"

வாசல் வரை போய்விட்டான். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"அப்படித் தட்டினா வராதுங்க."

சொன்னது மூலையில் நின்ற என் கணவன்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை. அடுப்பின் முன் உட்கார்ந்தான். கிண்ணத்தின் விளிம்பில் விரல் நகத்தால் மெதுவாக மூன்று தட்டு. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று. நான் தட்டுகிற மாதிரியே.

அடுப்புக்கடியிலிருந்து மஞ்சள் பொட்டு வெளியே வந்தது. சந்தேகமே இல்லாமல் நேராகக் கிண்ணத்துக்கு வந்து பாலில் வாயை வைத்தது. என் மகள் அதைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டினாள். நான் அவள் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன்.

அதிகாரி எங்கள் விறகுக் கோடரியை எடுத்து எய்மாந்தாஸ் கையில் கொடுத்தான்.

அந்தத் தட்டலை நான் யாருக்கும் காட்டிக்கொடுத்ததில்லை. விடிவதற்கு முன், வீடே தூங்கும்போதுதான் பால் வைப்பேன். நாலு வருடமாக அந்த நேரத்தில் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறான்.

ஒரு நாளாவது எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.