மஞ்சள் ஊதாக் கூடாரம்

"அதெல்லாம் ஆகாது. கூடாரத்தை வேனை விட்டு இறக்கினீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வந்துரும்!"

அவிநாசிபாளையம் தாண்டும்போதே அன்புசெல்வி மறுபடியும் கறாராகச் சொல்லிவிட்டாள். பின் சீட்டில் பிள்ளைகள் முகிலனும் பூங்குழலியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

கூடாரம் கடையில் வாங்கியதல்ல. பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் அவள் கணவன் சரவணக்குமார், ஜாக்கெட் ஆர்டரில் மிஞ்சிய துணியைக் கேட்டு வாங்கி, இரண்டு வாரம் உட்கார்ந்து தைத்தது. ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் ஊதா. வாசலுக்கு ஜிப் வேறு. பிள்ளைகளுக்கு அன்றிலிருந்தே தூக்கம் போய்விட்டது.

"ஏம்புள்ள, ஒரு ராத்திரிதானே?" என்றான் சரவணக்குமார்.

"உங்க அக்கா புது ஊட்டுக்குப் பால் காய்ச்சினப்பவே ஷிப்மெண்டுன்னு போகாம உட்டுட்டோமுங்க. இப்பப் போயி வெளிய படுத்தா அவங்க மனசு என்ன பாடுபடும்? எல்லாரும் என்னையத்தான் பேசுவாங்க."

அணையையும் முதலைப் பண்ணையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் அமராவதி நகருக்குப் பக்கத்திலிருந்த நாத்தனார் மயிலாளின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மயிலாள் ஓடி வந்து பிள்ளைகளைக் கட்டிக்கொண்டாள். ஆனால் வீடு பூட்டியிருந்தது.

"வாங்க கண்ணு, வா தம்பி. உள்ளதான் கூட்டிட்டுப் போக முடியாதுங்க. நேத்துத்தான் பெயிண்ட் அடிச்சோம். வாசம் மண்டையப் பொளக்குது. இப்படி வேப்பமரத்தடியிலயே இருந்துக்கலாங்களா?"

அன்புசெல்விக்குச் சுருக்கென்றது. வருவதாக ஒரு மாதம் முன்பே சொல்லியாயிற்று. நேற்றுதானா பெயிண்ட் அடிக்க நாள் கிடைத்தது? பால் காய்ச்ச வராததை மனதில் வைத்துக்கொண்டுதான் செய்கிறாள்! ஆசையாக வாங்கி வந்த சுவர்க் கடிகாரத்தை வேனிலேயே விட்டுவிட்டாள்.

பிள்ளைகளுக்கு ஏது அந்தக் கவலை? மறு நொடி கூடாரம் இறங்கியது. கட்டினார்கள், சரிந்தது, மறுபடி கட்டினார்கள். மயிலாள் வெளி அடுப்பில் நாட்டுக்கோழி வறுத்துப் போட்டாள். கூடாரத்துக்குள் புகுந்து முதலை மாதிரி ஊர்ந்து பிள்ளைகளைத் துரத்தினாள். பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுத் தானும் படுத்துக்கொண்டாள். அன்புசெல்வியே இரண்டு முறை சிரித்துவிட்டு, கோபம் ஞாபகம் வந்து உதட்டை மடித்துக்கொண்டாள்.

காலையில் கிளம்பும்போது சரவணக்குமார், "அந்தக் கடிகாரத்தைக் குடுத்துட்டு வா புள்ள" என்றான்.

"உள்ள உடாத ஊட்டுக்குக் கடிகாரம் ஒரு கேடு" என்று முனகியபடி எடுத்துப் போனாள். மயிலாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். பூட்டு இல்லாமல் கதவு லேசாகத் திறந்திருந்தது. தள்ளினாள்.

பெயிண்ட் வாசமே இல்லை. பால் காய்ச்சிய அன்று சுவரில் வைத்த சந்தனப் பொட்டுகள் அப்படியே இருந்தன. கட்டிலில் கசங்காத புதுப் போர்வை. அதன்மேல் கவர்கூடப் பிரிக்காத நான்கு தலையணைகள்.

"அட, பாத்துட்டியா கண்ணு!"

பின்னால் மயிலாள் கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல் நின்றாள்.

"என்னங்க நங்கை இது?" அன்புசெல்வி நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"முகிலன் பத்து நாளைக்கு முந்தி போன் பண்ணி ஒரே அழுகை. 'உங்க ஊடு பூட்டிக் கெடந்தாத்தான் அம்மா எங்களைக் கூடாரத்துல படுக்க உடும் அத்தை'ன்னான்."