கீழ்க்கிளை

பூங்காவின் தூங்குமூஞ்சி மரத்தில் அந்தி சாய்ந்தால் ஊர்க் காக்கைகள் எல்லாம் வந்து அடையும். பெரிய இடத்துக் காக்கைகளுக்கு உச்சிக்கிளை, மற்றவர்களுக்குக் கீழ்க்கிளை. மேலே இருப்பவர்களின் எச்சம் கீழே இருப்பவர்கள் தலையில்தான் விழும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, கூர்மூக்கியைத் தவிர.

மார்கழிப் பனி கொட்டிய ஒரு சாயங்காலம், அவள் பக்கத்தில் அடையும் சாம்பலக்காவுக்குக் காய்ச்சல். எச்சம் படிந்து ஒட்டிப்போன சிறகை உப்பிக்கொள்ள முடியாமல் வெடவெடவென்று நடுங்கினாள். கூர்மூக்கி விர்ரென்று உச்சிக்குப் பறந்தாள்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. அக்காவுக்கு இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் இங்க இடம் வேணும்."

"இடம் இல்லைன்னா சொல்றேன்? வழக்கம் இல்லையேம்மா" என்றார் பெரியவர், கனிவாக.

விடிந்தபோது அக்கா புல்தரையில் விறைத்துக் கிடந்தாள்.

உச்சிக்கிளை மொத்தமும் கீழே இறங்கி வந்தது. "ஐயோ, நம்ம பொண்ணு போயிட்டாளே!" என்று எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவர் பெரியவர்தான்.

"நம்ம பொண்ணா? நேத்து எங்க போச்சு இந்த 'நம்ம'?" என்று கேட்டாள் கூர்மூக்கி.

"சாவு வீட்டுல சண்டை போடாதே, தாயி" என்று நாலு பேர் அவளை அடக்கினார்கள்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்று பார்த்தார். "பாத்தீங்களா சார், ஒண்ணு செத்தா எல்லாம் எப்படிக் கூடுது! மனுஷனுக்கு வருமா இந்த ஒத்துமை?" என்று கூட வந்தவரிடம் நெகிழ்ந்தார்.

அது காதில் விழுந்ததும் பெரியவர் இன்னும் ஓங்கிக் கரைந்தார். கூர்மூக்கி குனிந்து, அக்காவின் சிறகில் காய்ந்திருந்த எச்சத்தை அலகால் சுரண்டத் தொடங்கினாள்.